சுங்கை சிப்புட்டிலிருந்து சட்டம் படிக்கப் போகும் தங்கைக்கு

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்: “அக்கா, அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்நிலைத் தேர்வு) முடித்து, அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. நாலு வருடப் படிப்பு. எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கறிஞர்கூட இல்லை. விருப்பப் பாடங்களில் எதை எடுப்பது, விடுமுறையில் பயிற்சிக்கு எங்கே போவது, முடித்ததும் சேம்பரிங் எங்கே செய்வது என்று எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் சொல்லுங்கள்.”

தங்கச்சி, நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை செய்தார். இப்போது ஈப்போவில் வழக்கறிஞராக இருக்கிறேன். நான் படிக்கப் போனபோது என்னை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்ல யாரும் இல்லை. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

திட்டத்தை முதல் ஆண்டிலிருந்து போடாதே, கடைசியிலிருந்து போடு. தீபகற்ப மலேசியாவில் நம் தொழிலை ஆள்வது 1976ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டம். அதன்படி, பட்டம் வாங்கியதும் வழக்கறிஞராகிவிட முடியாது. ஒரு மூத்த வழக்கறிஞரிடம் 9 மாதம் பயிற்சி செய்ய வேண்டும். அதுதான் சேம்பரிங். அவரை மாஸ்டர் என்போம். அவர் தொடர்ந்து குறைந்தது 7 ஆண்டு தொழில் செய்தவராக இருக்க வேண்டும். 3 மாதம் ஆனதும் ‘ஷார்ட் கால்’ என்று ஒன்று வாங்கலாம். அதன் பிறகு சில வேலைகளுக்கு மாஸ்டருக்குப் பதிலாக நீயே நீதிமன்றத்தில் எழுந்து நிற்கலாம்.

அந்த நாலாவது மாதத்தைக் கண்முன் கொண்டு வா. காலை 9 மணி. கையில் உனக்குச் சரியாகத் தெரியாத ஒரு கோப்பு. மாஜிஸ்திரேட் மலாயில் ஒரு கேள்வி கேட்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உன்னைத் திரும்பிப் பார்க்கிறார். அந்த நிமிடத்தில் உன்னைக் காப்பாற்றப் போவது எது? சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், அப்புறம் உன் மலாய். நாலு வருடப் படிப்பையும் அந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார். எந்தப் பாடத்தை ஊன்றிப் படிக்க வேண்டும், எதை ஓரளவு படித்தால் போதும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

நான் இதை உணர்ந்த விதத்தைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடம் எடுக்கும்போது, கேட்பதற்குப் பெரிதாகத் தெரிந்தவற்றையே எடுத்தேன்: அனைத்துலக வர்த்தகச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை. தொழிலாளர் சட்டமும் பட்டியலில் இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியே போகத்தானே படிக்கிறோம் என்று அதை விட்டுவிட்டேன். சேம்பரிங் தொடங்கிய முதல் வாரத்தில் அம்மாவோடு வேலை பார்த்த ஓர் அக்கா வீட்டுக்கு வந்தார். அவர் கணவரை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் கையில் இருந்தது. “நீதான் லாயர் ஆயிட்டியே, பாரும்மா” என்றார். 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், பிரிவு 20: நியாயமில்லாமல் நீக்கப்பட்டவர் நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் முறையிட வேண்டும். அந்தக் கடிதத்துக்கு அப்போது 70 நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மேசையிலிருந்து சட்டத்தை எடுத்துப் படித்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. பாடத்தை எடுத்திருந்தால் மூன்றாம் ஆண்டு விடுமுறையிலேயே லயத்தில் நாலு பேருக்குச் சொல்லி வைத்திருப்பேன். அந்த அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அந்த 60 என்ற எண் இன்றும் என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

அதனால் விருப்பப் பாடம் பற்றி என் கருத்து இது. நம் ஊர்க்காரர்கள் எந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார்கள் என்று யோசித்துப் பார்த்து எடு. தொழிலாளர் சட்டம் கட்டாயம். குடும்பச் சட்டமும் அப்படித்தான். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிய வேண்டும். ஆனால் கோயிலில் தாலி கட்டி, சாப்பாடு போட்டு, பதியாமல் விட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். கணவர் இறந்த பிறகு அந்த அம்மா தன்னை மனைவி என்று நிரூபிக்கப் படும் பாட்டை நீ ஒருமுறை பார்த்தால் போதும். அடுத்தது சொத்துப் பகிர்வு: உயில், இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதிக்கு வாரிசு நியமனம், உயில் இல்லாமல் போனவரின் வீட்டு நிலம். பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனிப் பாடம் இருந்தாலும் சரி, வேறொரு பாடத்தில் ஒரு பகுதியாக வந்தாலும் சரி, தூங்காமல் கேள்.

நிர்வாகச் சட்டத்தையும் சேர்த்துக்கொள். வறண்ட பாடம் என்று மாணவர்கள் ஒதுங்குவார்கள். இந்திரா காந்தி வழக்கு நினைவிருக்கிறதா? ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை. அவருக்குத் தெரியாமலே அவருடைய மூன்று பிள்ளைகளும் தந்தையால் மதம் மாற்றப்பட்டார்கள். அந்தச் சான்றிதழ்களை எதிர்த்து அவர் போட்ட வழக்கில் ஈப்போ உயர்நீதிமன்றம் 2013இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 ஜனவரி 29 அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றங்கள் செல்லாது என்றது. எல்லோரும் இதை மத வழக்காகத்தான் பேசுகிறார்கள். ஒரு மாணவியாக நீ படிக்கும்போது, அது நீதிமுறை மறுஆய்வு வழக்கு என்பதைக் கவனி. ஓர் அரசு அதிகாரி சட்டம் தந்த அதிகாரத்துக்கு வெளியே போனாரா, அதைச் சிவில் நீதிமன்றம் பார்க்கலாமா என்பதே கேள்வி. பிறப்புப் பத்திரம் மறுக்கப்பட்டவர், குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பதிலே வராதவர் என்று பலருக்கும் கடைசியில் திறந்திருப்பது அந்த வாசல்தான்.

கட்டாயப் பாடங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல ஆசை. நிலச் சட்டம். பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் வரும். மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். பதிவு செய்த நில உரிமையை எப்போது அசைக்க முடியாது, எப்போது முடியும் என்று சொல்லும் தேசிய நிலச் சட்டத்தின் பிரிவு 340 ஒன்றையே ஒரு கதையாகப் படித்துப் பார். பினாங்கில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்கு நிலம் இருந்தது. அவரைப் போல நடித்த யாரோ ஒருவர் பொய்யாகக் கையெழுத்துப் போட்டு, அதை அடோர்னா என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 2000ஆம் ஆண்டு இறுதியில் கூட்டரசு நீதிமன்றம், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே நிலம் சொந்தம் என்றது. அசல் சொந்தக்காரருக்கு நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு தவறு என்று கூட்டரசு நீதிமன்றமே 2010இல் டான் யிங் ஹோங் வழக்கில் சொன்னது. இடையில் ஏறக்குறைய பத்து வருடம், தீபகற்பத்தில் நிலம் வைத்திருந்த எவரும் ஒரு போலிக் கையெழுத்தால் அதை இழந்திருக்கலாம். ஒரு பிரிவில் வரும் இரண்டு வரியை எப்படிப் படிக்கிறோம் என்பதால் வந்த வித்தியாசம் அது. இந்த இரண்டு தீர்ப்பையும் முழுதாக உட்கார்ந்து படி, சுருக்கக் குறிப்பில் வேண்டாம். நிலச் சட்டம் அதற்குப் பிறகு உன்னை விட்டுப் போகாது. தோட்டங்கள் கைமாறும்போதும் லயத்தைக் காலி செய்யச் சொல்லும்போதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, “இத்தனை வருஷம் இருந்தோமே, எங்களுக்கு உரிமை இல்லையா?” என்பதுதான். அதற்கு நேர்மையான பதில் சொல்ல நிலச் சட்டமும் தொழிலாளர் சட்டமும் சேர்ந்தே வேண்டும்.

முதல் ஆண்டில் பயப்படாதே என்பதற்கு ஒரு காரணம். நம் நாட்டுக் குற்றவியல் சட்டமும், 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும், ஒப்பந்தச் சட்டமும் பிரிட்டிஷார் இந்தியாவில் எழுதியவற்றைப் பின்பற்றி வந்தவை. தமிழ்ப் படத்தில் கேட்ட 302 இங்கேயும் கொலைதான், 420 இங்கேயும் மோசடிதான். இந்தியாவில் 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்து அந்த எண்கள் மாறிவிட்டன. இங்கே அப்படியே இருக்கின்றன. ஒப்பந்தச் சட்ட வகுப்பில் 1903ஆம் ஆண்டின் மோஹோரி பீபி வழக்கு வரும். வயது வராதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்ற அந்தத் தீர்ப்பு கல்கத்தாவில் தொடங்கிய வழக்கில் வந்தது. நம் நீதிமன்றங்கள் இன்றும் அதைச் சொல்கின்றன.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். விரிவுரையில் நீ படிக்கும் தீர்ப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் நீதிமன்றத்தில் தேசிய மொழியான மலாய்தான் முதல். மனுக்களும் சத்தியப் பிரமாணங்களும் மலாயில் போகும். படிப்பு முழுவதும் இரண்டும் ஒன்றாக வளர வேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் பயிற்சி ஒன்று இருக்கிறது. வாரம் ஒரு தீர்ப்பை ஆங்கிலத்தில் படி. அதை ஒரே பக்கத்தில் மலாயில் எழுது. வீட்டுக்குப் பேசும்போது அதையே உன் அம்மாவுக்குத் தமிழில் சொல். அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் உனக்கே இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொள். தமிழில் அழுதுகொண்டே சொல்லப்படும் ஒரு விஷயத்தை மலாயில் பத்தி பத்தியாக எண் போட்டு எழுதுவது என் அன்றாட வேலையில் பாதி. அதை யாரும் வகுப்பில் கற்றுத் தருவதில்லை.

விடுமுறைகளுக்கு வருவோம். முதல் ஆண்டு நீண்ட விடுமுறையில் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். உனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, அவர்களுக்கும் உன்னை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. நானே போய், ஓர் அலுவலகத்தில் ஆறு வாரம் நகல் எடுத்துக்கொண்டும் தேநீர் கலக்கிக்கொண்டும் இருந்தேன். அதற்குப் பதில் நீதிமன்றத்துக்குப் போய் உட்கார். சில வழக்குகளைத் தவிர, நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்தது. கட்டணம் இல்லை, யார் சிபாரிசும் வேண்டாம். இரண்டு வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார், மாஜிஸ்திரேட் ஏன் தேதி தள்ளினார், ஜாமீன் எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுது. நாலாம் ஆண்டில் குற்றவியல் நடைமுறை படிக்கும்போது ஒவ்வொரு பிரிவுக்கும் உன் நோட்டில் ஒரு முகம் இருக்கும்.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஈப்போவில் ஒரு சிறிய அலுவலகத்துக்குப் போ. இரண்டு மூன்று வழக்கறிஞர்கள், நிலப் பத்திரமும் பார்ப்பார்கள், வழக்கும் நடத்துவார்கள். அப்படிப்பட்ட இடம். போன முதல் நாளே ஒன்று கேள்: “உங்களோடு நீதிமன்றத்துக்கும் நில அலுவலகத்துக்கும் வர அனுமதிப்பீர்களா?” ஆமாம் என்றால் இரு. இழுத்தால் மரியாதையாக வேறு இடம் தேடு. மூன்றாம் ஆண்டில் கோலாலம்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தைப் பார்த்துவிட்டு வா. அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த உலகம் எப்படி இருக்கிறதென்று பார்க்காமல் அதை வேண்டாம் என்று சொல்வதும் சரியில்லை, வேண்டும் என்று ஏங்குவதும் சரியில்லை. உன் பல்கலைக்கழகத்தில் கட்டாயத் தொழிற்பயிற்சி எந்தப் பருவத்தில் வருகிறது என்று முதல் வாரமே கேட்டுக்கொண்டு, இவற்றை அதற்கேற்ப மாற்றிக்கொள்.

மூட் போட்டி, அதாவது மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் போட்டி, பற்றிக் கேட்பாய். ஒருமுறை கட்டாயம் செய். எழுந்து நின்று பேசும்போது கால் நடுங்குவதை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்காக ஒரு முழு ஆண்டைக் கொடுத்துவிட்டு நடைமுறைப் பாடத்தில் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்ட உதவி மையங்களை மறக்காதே. வழக்கறிஞர் மன்றத்தின் கீழ் மாநிலந்தோறும் மையம் இருக்கிறது, ஈப்போவிலும் இருக்கிறது. சேம்பரிங் செய்யும்போது அங்கே கொஞ்சம் பணி செய்வதும், தொழில்நெறி வகுப்பு ஒன்றுக்குப் போவதும் கட்டாயம். படிக்கும்போதே தொண்டராகப் போய்ப் பழகினால், உன் ஊர் வழக்கறிஞர்கள் உன்னை முகம் பார்த்து அறிவார்கள். சொந்தத்தில் வழக்கறிஞர் இல்லை என்று வருந்தினாயே, அந்தக் குறை இப்படித்தான் தீரும். மாஸ்டரைத் தேடும்போது முன்பின் தெரியாத நாற்பது பேருக்குக் கடிதம் எழுதுவதைவிட, உன் வேலையை ஒரு வாரமாவது பார்த்த இரண்டு பேர் மேல்.

மாஸ்டரை நாலாம் ஆண்டின் தொடக்கத்திலேயே பேசி வை. நான் ஈப்போவையே சொல்வேன். வீட்டிலிருந்து போய் வரலாம், வாடகை மிச்சம். சிறிய அலுவலகத்தில் 9 மாதத்தில் நிலமும் பார்ப்பாய், வழக்கும் பார்ப்பாய், மணவிலக்கும் பார்ப்பாய். கோலாலம்பூரில் ஒரே துறையில் ஆழமாகப் போகலாம், சம்பளமும் கூடுதலாக இருக்கும், அதை மறுக்கவில்லை. நிறுவனச் சட்டத்தில் உனக்கு உண்மையாகவே மனம் போனால் அங்கே போ. காசு விஷயத்தை அப்பாவோடு இப்போதே பேசு. படிப்புக்கு பி.டி.பி.டி.என். எனும் அரசின் உயர்கல்வி நிதிக் கடன் இருக்கிறது. சேம்பரிங்கில் மாஸ்டர் தருவது சிறிய தொகைதான், அந்தக் காலத்தில் வேறு வேலை பார்க்கவும் சட்டம் தடை போடுகிறது. கடைசி ஆண்டுக்குள் கொஞ்சம் ஒதுக்கி வைக்க முடிந்தால் நல்லது.

உன் வகுப்புத் தோழிகளில் யாராவது தனியார் கல்லூரி வழியாக இங்கிலாந்துப் பட்டம் படிக்கப் போனால் இதைச் சொல்: அந்தப் பட்டத்தோடு திரும்புகிறவர் சேம்பரிங்குக்கு முன் பொதுவாக சி.எல்.பி. எனும் சட்டத் தொழில் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அங்கேயே பாரிஸ்டர் ஆகிவிட்டு வந்தால்தான் அது தேவையில்லை. சி.எல்.பி.யில் ஐந்து தாள், அவற்றிலும் சாட்சியமும் இரண்டு நடைமுறைகளும் உண்டு. கல்லூரியில் பணம் கட்டும் முன், தங்கள் முன்தகுதியும் அந்தப் பட்டமும் ஏற்கப்படுமா என்று சட்டத் தொழில் தகுதி வாரியத்திடமே நேரடியாகக் கேட்க வேண்டும். விளம்பரத்தை நம்பக் கூடாது.

இன்னொன்று, இதை நீ பல்கலைக்கழகம் போகும் முன்பே செய். சேம்பரிங் தொடங்க உயர்நீதிமன்றத்தில் மனுப் போடும்போது பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பட்டச் சான்றிதழ், இரண்டு நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் இணைக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் பெயர் எழுதியிருப்பது சகஜம். அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடும், அல்லது குறையும். நாலு வருடம் கழித்து, மனுப் போடும் வாரத்தில் இதைக் கண்டுபிடித்து அலைந்தவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார். பல்கலைக்கழகப் பதிவிலும் அடையாள அட்டையில் இருப்பது போலவே எழுது. வேறுபாடு இருந்தால் இப்போதே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய் என்ன செய்யலாம் என்று கேள்.

பதிவுக்கு இன்னும் சில வாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நாள் கோலகங்சார் நீதிமன்றத்துக்குப் போய் வா. உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். 9 மணிக்கு முன்பே போய்விடு. கால்சட்டையோ நீளப் பாவாடையோ அடக்கமாக உடுத்து, கைப்பேசியை அணைத்து வை. மாஜிஸ்திரேட் வரும்போது எல்லோரோடும் எழுந்து நின்று தலை வணங்கு. நோட்டு எடுத்துப் போ. அப்பாவுக்கு அன்று ஓய்வு கிடைத்தால் அவரையும் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார வை. மகள் நிற்கப் போகும் இடத்தை அவரும் பார்க்கட்டும்.